திருவனந்தபுரத்தில் இறங்கி, குமரியில் தங்கும் விருந்தினர்: மின்விசா முதல் சி படிவம் வரை

கன்னியாகுமரியில் புதிதாக லாட்ஜ் எடுத்தவர்கள், முட்டத்திலோ திற்பரப்பிலோ வீட்டின் மாடியை ஹோம்ஸ்டே ஆக்கியவர்கள், மலேசியாவிலிருந்து வரும் சித்தப்பா மகனுக்கு அறை ஒழித்து வைப்பவர்கள் ஆகிய மூன்று பேருக்கும் இந்தக் கட்டுரை. விசா கொடுப்பது டெல்லி, முத்திரை குத்துவது திருவனந்தபுரம், இதில் நமக்கென்ன வேலை என்று பலர் நினைக்கிறார்கள். விசா விண்ணப்பத்திலேயே இந்தியாவில் தெரிந்தவர் யார், அவர் முகவரி என்ன, தொலைபேசி எண் என்ன என்று கேட்கும் கட்டங்கள் இருக்கின்றன. அங்கே விருந்தினர் எழுதப்போவது உங்கள் பெயரையும் எண்ணையும்தான். அவர் ஊர் வந்து சேர்ந்த பிறகு 24 மணி நேரத்துக்குள் சி படிவம் மூலம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய கடமையும் உங்களுடையது.

எல்லாம் இணையத்தில் வந்துவிட்டதால் வேலை குறைந்திருக்கிறது, உண்மை. 2014 நவம்பரில் 43 நாட்டவருக்குத் தொடங்கிய மின்விசா, அதாவது இணையத்திலேயே விண்ணப்பித்துப் பெறும் விசா வசதி, இன்று உலகின் பெரும்பகுதிக்கு விரிந்திருக்கிறது. தூதரகத்தில் வரிசையில் நிற்க வேண்டாம், பாஸ்போர்ட்டைத் தபாலில் அனுப்ப வேண்டாம். ஆனால் முன்பு ஒரு குமாஸ்தா பார்த்துத் திருத்திய எழுத்துப்பிழையை இப்போது திருத்த ஆளில்லை. கம்ப்யூட்டர் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும், ஒன்று மாறினாலும் நின்றுவிடும். இந்த வேலையில் வரும் சிக்கல்களில் பாதிக்கு மேல் இங்கேதான் முளைக்கின்றன.

முதலில் பாஸ்போர்ட்டின் அடிவரிகளைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

எந்த நாட்டு பாஸ்போர்ட்டானாலும் புகைப்படம் உள்ள பக்கத்தின் அடியில் இரண்டு வரிகள் இருக்கும். வரிக்கு 44 எழுத்துகள். ஏ முதல் இசட் வரையிலான ஆங்கிலப் பெரிய எழுத்து, 0 முதல் 9 வரையிலான எண், இடத்தை நிரப்பும் '<' என்ற கோணக் குறி, இவை தவிர வேறெதுவும் அதில் வராது. விமான நிலைய இயந்திரம் படிப்பது இந்த இரண்டு வரிகளைத்தான்.

முதல் வரியில் நாட்டின் மூன்றெழுத்துக் குறியும் பெயரும் இருக்கும். குடும்பப் பெயர் முடிந்ததும் இரட்டைக் கோணக் குறி, அதன் பிறகு சொந்தப் பெயர். இரண்டாம் வரியின் முதல் ஒன்பது இடங்கள் பாஸ்போர்ட் எண்ணுக்கு. பத்தாவது இடத்தில் இருக்கும் எண் சரிபார்ப்புக்காகச் சேர்த்தது, அது பாஸ்போர்ட் எண்ணின் பகுதி அல்ல. புதிதாக வேலைக்கு வரும் பையன்கள் அதையும் சேர்த்துப் பத்து இலக்கமாக அடித்துவிடுவார்கள், பதிவு தவறாகிவிடும். அடுத்து நாட்டுக் குறி, பிறகு பிறந்த தேதி. தேதியில் வருடம் முதலில் வரும்: 850412 என்றிருந்தால் 1985 ஏப்ரல் 12. அதற்கும் ஒரு சரிபார்ப்பு எண், பிறகு ஆணா பெண்ணா என்ற எழுத்து, பிறகு காலாவதி தேதி.

பாஸ்போர்ட் எண்ணில் வருவது பூஜ்யமா, 'ஓ' என்ற எழுத்தா என்பது தீராத தலைவலி. வாட்ஸ்அப்பில் வந்த மங்கலான படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து ஊகிக்காதீர்கள். விருந்தினரிடமே அந்த எண்ணை எழுத்தில் தட்டச்சு செய்து அனுப்பச் சொல்லுங்கள். படத்தையும் அதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

நம் ஊருக்கு வருபவர்களில் மலேசியத் தமிழர்கள் கணிசம். அவர்கள் பாஸ்போர்ட்டில் பெயருக்கு நடுவே இன்னாரின் மகன் என்பதைக் குறிக்க 'ஏ/எல்' என்றும், மகள் என்றால் 'ஏ/பி' என்றும் இருக்கும். நடுவில் உள்ள சாய்கோடு அடிவரிகளில் வர முடியாது. ஆகவே விசா விண்ணப்பத்தில் சாய்கோடு போடாமல், அடிவரியில் எப்படி இருக்கிறதோ அப்படியே பெயரைத் தர வேண்டும். ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்கள் அதை சொந்தப் பெயர் கட்டத்தில் எழுதிவிட்டு, குடும்பப் பெயர் கட்டத்தைக் காலியாக விட வேண்டும். காலியாக விட மனம் வராமல் அப்பா பெயரைப் போட்டு நிரப்புகிறவர்கள்தான் விமான நிலையத்தில் மாட்டுகிறார்கள்.

மின்விசா: எப்போது, எது, எவ்வளவு

அரசின் தளம் ஒன்றே ஒன்று: இந்தியன்விசாஆன்லைன் டாட் கவ் டாட் இன். தேடுபொறியில் தேடினால் இதற்கு மேலே விளம்பரமாக வேறு தளங்கள் வந்து நிற்கும். அசோகச் சக்கரம், மூவர்ணம் எல்லாம் இருக்கும், கட்டணம் மட்டும் பல மடங்கு. முகவரி 'டாட் கவ் டாட் இன்' என்று முடியவில்லையென்றால் பக்கத்தை மூடிவிடச் சொல்லுங்கள். முன்பதிவை உறுதி செய்யும் செய்தியிலேயே தளத்தின் சரியான இணைப்பை நீங்கள் அனுப்பிவிடுவது உத்தமம்.

சுற்றுலா மின்விசாவில் 30 நாள், 1 வருடம், 5 வருடம் என மூன்று வகை உண்டு. 30 நாள் விசாவில் இரண்டு முறை உள்ளே வரலாம். மற்ற இரண்டிலும் பலமுறை வரலாம், ஆனால் ஒரு காலண்டர் ஆண்டில் 180 நாளுக்கு மேல் தங்கக் கூடாது. பெரும்பாலான நாட்டவருக்கு 30 நாள் விசா ஏப்ரல் முதல் ஜூன் வரை 10 டாலர், மற்ற மாதங்களில் 25 டாலர். 1 வருடம் 40, 5 வருடம் 80. வங்கிக் கட்டணம் தனி. நாட்டைப் பொறுத்துத் தொகை மாறும், சில நாட்டவருக்குக் கட்டணமே இல்லை. கட்டிய பணம் எக்காரணம் கொண்டும் திரும்பாது.

விண்ணப்பிக்கும் காலத்தில்தான் பலர் தவறுகிறார்கள். 30 நாள் விசாவுக்கு வருகைக்கு 30 நாளுக்கு முன்பிருந்துதான் விண்ணப்பிக்கலாம், குறைந்தது 4 நாள் இடைவெளி வேண்டும். டிசம்பர் 20 இறங்குபவர் அக்டோபரில் தளத்தைத் திறந்து, தேதியை ஏற்கவில்லை என்று உங்களுக்கு எழுதுவார். தளத்தில் கோளாறில்லை, நாள் வரவில்லை. 1 வருட, 5 வருட விசாவுக்கு 120 நாளுக்கு முன்பே விண்ணப்பிக்கலாம். சபரிமலை சீசனில் குமரியில் அறை கிடைப்பது கஷ்டம் என்பதால் ஆகஸ்டிலேயே திட்டமிடுகிறவர்களுக்கு 1 வருட விசாதான் தோது.

30 நாள் விசாவில் இன்னொரு குழி இருக்கிறது. விசா கிடைத்ததும் மின்னஞ்சலில் வரும் அனுமதிக் கடிதத்தில் காலாவதி என்று ஒரு தேதி அச்சாகியிருக்கும். அந்தத் தேதிக்குள் இந்தியாவுக்குள் நுழைந்தால் போதும் என்பது அதன் பொருள். தங்கும் 30 நாள், இறங்கிய தேதியிலிருந்து தொடங்குகிறது. இது புரியாமல் அவசர அவசரமாகப் பயணத்தைச் சுருக்கிக்கொள்கிறவர்களும் உண்டு.

கோப்புகளுக்கு வருவோம். புகைப்படம் ஜேபெக் வடிவில், அகலமும் உயரமும் சமமாக, 10 கேபி முதல் 1 எம்பிக்குள். வெள்ளைப் பின்னணி, கண்ணாடி கழற்றிய நேர்முகம், படத்தைச் சுற்றி கட்டம் இருக்கக் கூடாது. பாஸ்போர்ட்டின் புகைப்படப் பக்கம் பிடிஎஃப் வடிவில், 10 கேபி முதல் 300 கேபிக்குள். கைபேசியில் எடுக்கும் பிடிஎஃப் சாதாரணமாக இரண்டு மூன்று எம்பி வரும். அதை ஏதோ ஒரு செயலியில் போட்டு நசுக்கினால் அளவு குறையும், கூடவே அடிவரிகளும் அழிந்துபோகும். விண்ணப்பம் நிராகரிக்கப்படும், கட்டணமும் போகும். சரியான வழி: பாஸ்போர்ட்டை ஜன்னல் ஓரத்தில் தட்டையாக வைத்து, ஃபிளாஷ் இல்லாமல் எடுக்க வேண்டும். மேசை விளிம்பு தெரியாமல் வெட்ட வேண்டும். பிறகு அளவைக் குறைத்து, குறைத்த கோப்பைத் திறந்து இரண்டு அடிவரியிலும் 44 எழுத்தும் வாசிக்க முடிகிறதா என்று பார்த்த பின்பே ஏற்ற வேண்டும். பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும், இரண்டு பக்கமாவது காலியாக இருக்க வேண்டும்.

படிவத்தின் உள்ளே பெற்றோர் விவரம், கடந்த 10 ஆண்டுகளில் சென்ற நாடுகள், முன்பு இந்தியா வந்திருந்தால் அந்த விசாவின் எண் எல்லாம் கேட்கும். பழைய விசா எண்ணைத் தேடிக்கொண்டிருக்கும்போது தளம் நேரம் முடிந்து வெளியேற்றிவிடும். முதல் பக்கத்தை நிரப்பியதும் ஒரு தற்காலிக விண்ணப்ப எண் திரையில் வரும். அதைக் குறித்துக்கொண்டால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

பணம் கட்டும் இடத்தில் பொறுமை வேண்டும். கார்டு தோற்றுப்போனதாகத் திரை காட்டினாலும் கணக்கில் பணம் பிடிபட்டிருக்கலாம். சில மணி நேரம் விட்டு, கட்டண நிலையைப் பார்த்த பிறகே மறுபடி முயல வேண்டும். மூன்று முறைக்கு மேல் தோற்றால் அந்த விண்ணப்பம் முடங்கிவிடும், முதலிலிருந்து புதிதாகப் போட வேண்டியதுதான்.

வழக்கமாக 72 மணி நேரத்தில் பதில் வரும். மின்னஞ்சல் வந்துவிட்டது என்பதோடு நிற்காமல், தளத்தில் விண்ணப்ப நிலை 'கிராண்டட்' என்று காட்டுகிறதா பார்க்கச் சொல்லுங்கள். அந்தக் கடிதத்தை அச்செடுத்துக் கையில் வைத்திருக்க வேண்டும். விமான நிலைய வைஃபை இந்திய எண்ணுக்கு ஓடிபி அனுப்புவேன் என்று அடம்பிடிக்கும் நேரத்தில் காகிதம்தான் கைகொடுக்கும்.

மாலத்தீவினருக்கு சுற்றுலாவுக்கு 90 நாள் வரை விசாவே தேவையில்லை. பாகிஸ்தான் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களும் அந்நாட்டுப் பூர்வீகம் உள்ளவர்களும் மின்விசா எடுக்க முடியாது, தூதரகம் வழியாகத்தான் வர வேண்டும்.

எதற்காக வருகிறார் என்பதைக் கேட்டுவிடுங்கள்

குமரி மாவட்டத்தில் இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. சுற்றுலா விசாவில் வருபவர் சர்ச்சில் ஆராதனைக்குப் போகலாம், கோயில், தர்கா எங்கும் போய்க் கும்பிடலாம், பிரசங்கம் கேட்கலாம். மேடையேறிப் பிரசங்கம் செய்யக் கூடாது. நற்செய்திக் கூட்டத்துக்குப் பேச்சாளராக ஒருவர் வருகிறார், அவருக்கு அறை கேட்கிறார்கள் என்றால் அவர் விசா என்ன வகை என்று முன்பே கேளுங்கள். மிஷனரி விசா என்று தனியாக ஒன்று இருக்கிறது. வர்ம சிகிச்சைக்கோ ஆயுர்வேதத்துக்கோ வருபவர்களுக்கும் மருத்துவ மின்விசா, ஆயுஷ் விசா என்று தனி வகைகள் உண்டு. சுற்றுலா மின்விசாவை இங்கே வந்த பிறகு வேறு வகையாக மாற்ற முடியாது. 30 நாள் விசாவை நீட்டிக்கவும் முடியாது.

வருகை அட்டை

விமானத்தில் கொடுத்து வந்த காகித அட்டைக்குப் பதிலாக 2025 அக்டோபர் 1 முதல் மின் வருகை அட்டை வந்துவிட்டது. இறங்குவதற்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். கட்டணம் கிடையாது, எந்த ஆவணத்தையும் ஏற்ற வேண்டியதில்லை. மின்விசாத் தளத்திலும், குடிநுழைவுத் துறையின் தளத்திலும், 'சு-ஸ்வாகதம்' செயலியிலும் இருக்கிறது. இதற்கும் பணம் கேட்கும் போலித் தளங்கள் முளைத்திருக்கின்றன.

ஐந்து நிமிட வேலைதான். தவறு நேரும் இடங்கள் மூன்று. வளைகுடாவில் விமானம் மாறி வருபவர், வீட்டிலிருந்து கிளம்பிய முதல் விமானத்தின் எண்ணை எழுதிவிடுவார். கேட்பது இந்தியாவில் தரையிறங்கும் விமானத்தின் எண். நள்ளிரவு தாண்டி இறங்கும் விமானத்துக்குக் கிளம்பிய தேதியை எழுதுவார். வேண்டியது இறங்கும் தேதி. மூன்றாவது முகவரி. திருவனந்தபுரத்தில் இறங்குவதால் கேரளம் என்று தேர்ந்தெடுத்துவிடுவார்கள். தங்குமிடம் தமிழ்நாடு என்று நீங்கள் சொன்னால்தான் தெரியும்.

அதனால் முன்பதிவு உறுதியானதும் ஒரு செய்தியை ஆங்கிலத்தில் தயார் செய்து எல்லோருக்கும் ஒரே மாதிரி அனுப்புங்கள்: உங்கள் பெயர், கதவு எண், தெரு, ஊர், மாவட்டம், மாநிலம், பின்கோடு, +91 சேர்த்த கைபேசி எண். கன்னியாகுமரி ஊருக்கு 629702, தக்கலைக்கு 629175 என்று அந்தந்த அஞ்சலகத்தின் எண். மாவட்டப் பெயரை ஆங்கிலத்தில் சில பட்டியல்களில் ஒரு 'என்' போட்டும், அரசு வழக்கப்படி இரண்டு 'என்' போட்டு, அவற்றுக்குப் பின் ஒரு 'ஐ' சேர்த்தும் எழுதியிருப்பார்கள். பட்டியலில் ஒன்று கிடைக்காவிட்டால் மற்றதைத் தேடச் சொல்லுங்கள். இந்த ஒரு வரி இல்லாமல் 'உங்கள் மாவட்டமே இல்லையே' என்று நள்ளிரவில் அழைப்பு வரும்.

திருவனந்தபுரத்தில்

பன்னாட்டு விமானங்களுக்கு சாக்கை பக்கமுள்ள இரண்டாம் முனையம். சங்குமுகம் பக்கமுள்ளது பெரும்பாலும் உள்நாட்டுக்கு. ஓட்டுநரை அனுப்பும்போது இதைச் சொல்லி அனுப்புங்கள். இரண்டுக்கும் நடுவே ஓடுபாதை, சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும். டெல்லியிலோ மும்பையிலோ இறங்கி உள்நாட்டு விமானத்தில் வருபவருக்குக் குடிநுழைவுச் சோதனை அங்கேயே முடிந்துவிடும், அவர் வந்து சேர்வது பெரும்பாலும் சங்குமுகத்துக்கு. மதுரை, திருச்சி, கொச்சி, சென்னை, கோவை விமான நிலையங்களிலும் மின்விசா செல்லும்.

குடிநுழைவு மேசையில் கைரேகையும் முகப்படமும் எடுப்பார்கள். வயதானவர்களுக்கு விரல் நுனி வறண்டு ரேகை விழாமல் போவது சகஜம். ஈரத் துணியில் விரலைத் துடைத்துவிட்டு வைத்தால் பெரும்பாலும் விழும். மஞ்சள் காய்ச்சல் உள்ள ஆப்பிரிக்க, தென்னமெரிக்க நாடுகளிலிருந்து வருபவரிடம் தடுப்பூசி அட்டை கேட்பார்கள். ஊசி போட்டு 10 நாள் ஆகியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் தனிமைப்படுத்துவார்கள். மலையேறிகள், பாய்மரப் படகுக்காரர்கள் பையில் வைத்திருக்கும் செயற்கைக்கோள் தொலைபேசிக்கு இந்தியாவில் முன் அனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல் கொண்டுவந்து கைதானவர்கள் இருக்கிறார்கள். மின் சிகரெட்டுக்கும் தடை உண்டு. ட்ரோனை வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொல்வது நல்லது.

களியக்காவிளையில் மாநில எல்லை மட்டும்தான். அங்கே விசா காட்ட வேண்டுமா என்று கேட்பார்கள், வேண்டாம்.

ஊருக்கு வரும் நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தியக் குடிமக்களுக்கும், வேறு நாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினரான ஓசிஐ அட்டைக்காரர்களுக்கும் விரைவுக் குடிநுழைவுத் திட்டம் 2024 ஜூனில் டெல்லியில் தொடங்கி, 2025 செப்டம்பர் 11 முதல் திருவனந்தபுரத்திலும் திருச்சியிலும் நடக்கிறது. இணையத்தில் ஒருமுறை பதிந்து, கைரேகையும் முகமும் கொடுத்துவிட்டால் ஐந்தாண்டுக்கோ பாஸ்போர்ட் காலாவதி வரைக்கோ, எது முன்னதோ அதுவரை, தானியங்கிக் கதவு வழியே போய் வரலாம். வருடத்துக்கு இரண்டு முறை வளைகுடா போய் வரும் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள்.

சி படிவம்: உங்கள் வேலை இங்கேதான்

1946 வெளிநாட்டவர் சட்டத்தின் இடத்தில் 2025 செப்டம்பர் 1 முதல் புதிய குடிநுழைவு, வெளிநாட்டவர் சட்டம் வந்திருக்கிறது. தங்க இடம் கொடுப்பவர் தகவல் தர வேண்டும் என்ற கடமை அதிலும் தொடர்கிறது. ஊரில் இன்னும் எல்லோரும் சி படிவம் என்றே சொல்கிறார்கள். லாட்ஜ், ஹோம்ஸ்டே, மடம், சர்ச் விருந்தினர் இல்லம், ஆஸ்பத்திரி, சாதாரண வீடு எதற்கும் விலக்கில்லை. தமிழ் பேசுகிறார், பூர்வீகம் குளச்சல் என்றெல்லாம் பார்க்காதீர்கள். கையிலிருக்கும் பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்பதே கணக்கு.

இந்தியன்எஃப்ஆர்ஆர்ஓ டாட் கவ் டாட் இன் தளத்தில் சி படிவப் பகுதிக்குப் போய் முதலில் உங்கள் இடத்தைப் பதிய வேண்டும். பெயர், முகவரி, அறைகளின் எண்ணிக்கை, உரிமையாளர் விவரம் கேட்கும். மாவட்டத்தில் வெளிநாட்டவர் பதிவு அதிகாரி காவல் கண்காணிப்பாளர், அலுவலகம் நாகர்கோவிலில். அங்கிருந்து ஒப்புதல் வந்த பிறகுதான் கணக்கு வேலை செய்யும். முதல் வெள்ளைக்காரர் வாசலில் பையோடு நிற்கும்போது பதிவு செய்ய உட்கார்ந்தால் 24 மணி நேரம் போதாது. அறை தயாரானதும் செய்துவிடுங்கள்.

விருந்தினர் வந்ததும் மூன்று படம் எடுங்கள்: பாஸ்போர்ட்டின் புகைப்படப் பக்கம், விசா அல்லது அனுமதிக் கடிதம், விமான நிலையத்தில் குத்திய முத்திரை. மூன்றாவதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். படிவத்தில் இந்தியாவுக்குள் நுழைந்த தேதி ஒன்று, உங்களிடம் வந்த தேதி வேறு. கொச்சி, வர்க்கலை எல்லாம் சுற்றிவிட்டு பத்தாம் நாள் வருபவருக்கு இரண்டும் வேறு வேறு. முத்திரையைப் பார்க்காமல் இரண்டிலும் ஒரே தேதியை அடிப்பதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. அமெரிக்கர்கள் மாதத்தை முதலில் எழுதுவார்கள் என்பதால் அவர்கள் வாய்மொழியாகவோ கையெழுத்திலோ தரும் தேதியை நம்பாமல், ஆவணத்தைப் பார்த்தே நிரப்புங்கள். எங்கிருந்து வந்தார், எத்தனை நாள் தங்குவார், அடுத்து எங்கே போகிறார் என்பதும் வேண்டும். குடும்பமாக வந்தால் குழந்தை உட்பட ஆளுக்கொரு படிவம்.

இரவில் மின்சாரமோ இணையமோ போகும். பாஸ்போர்ட் விவரத்தை இரண்டு நாள் முன்பே வாங்கி ஒரு தாளில் எழுதி வைத்திருந்தால், வந்தவுடன் முத்திரைத் தேதி மட்டும் சேர்த்து கைபேசி இணையத்திலேயே முடித்துவிடலாம். அனுப்பியதும் வரும் ஒப்புகையைச் சேமித்து வையுங்கள், கேட்டால் காட்ட அதுதான் சாட்சி. வெளிநாட்டவருக்கென்று தனிப் பதிவேடு வைத்து, அறையைக் காலி செய்த நாளையும் அதில் எழுதுங்கள்.

சொந்தக் கம்ப்யூட்டர் இல்லாமல் ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து நிரப்புகிறவர்கள் கவனிக்க: வேலை முடிந்ததும் கடைக் கணினியிலிருந்து பாஸ்போர்ட் படத்தை அழித்து, குப்பைத் தொட்டிக் கோப்புறையையும் காலி செய்யுங்கள். கடவுச்சொல்லைக் கடைக்காரரிடம் கொடுத்து 'நீயே போட்டுடுப்பா' என்று வருவது இன்னும் மோசம். உங்கள் பெயரில் போகும் படிவத்துக்குப் பொறுப்பு உங்களுடையது.

பாஸ்போர்ட் தொலைந்தால்

படகுத்துறைக் கூட்டத்திலோ சூரிய உதயம் பார்க்கும் நெரிசலிலோ பை போய்விட்டால், உடனே காவல் நிலையத்தில் புகார் கொடுத்து அதன் நகலை வாங்க வேண்டும். அடுத்து அவர் நாட்டுத் தூதரகத்தில் அவசரப் பயண ஆவணம். பிறகு வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தின் இணையச் சேவையான மின் எஃப்ஆர்ஆர்ஓவில், நாட்டைவிட்டு வெளியேற அனுமதிக்கு விண்ணப்பம். புதிய ஆவணத்தில் விசாவும் இருக்காது, நுழைவு முத்திரையும் இருக்காது, ஆகவே இந்த அனுமதி இல்லாமல் விமான நிலையத்தில் விடமாட்டார்கள். சில நாள் பிடிக்கும் வேலை, டிக்கெட்டைத் தள்ளிப்போட வேண்டிவரும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். மூன்று இடங்களிலும் பழைய பாஸ்போர்ட்டின் எண், விசா எண், நுழைந்த தேதி கேட்பார்கள். வந்த அன்று நீங்கள் எடுத்த அந்த மூன்று படங்களை அப்போது தேடி எடுத்துக் கொடுங்கள்.